ஸ்ட்ரோக்குக்குப் பிறகான கடைசி நாட்கள்: பெரியவர்களை வீட்டில் வைத்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பெரியம்மாவுக்கு இரண்டாவது முறை ஸ்ட்ரோக் வந்த பன்னிரண்டாம் நாள், "இனிமே செய்யறதுக்கு ஒண்ணும் இல்லம்மா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று சொல்லி டிஸ்சார்ஜ் எழுதிக் கொடுத்தார்கள். வயது 81. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. வில்லிவாக்கத்தில் எங்கள் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஸ்ட்ரெச்சர் படிக்கட்டு முனையில் திரும்பவில்லை. கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, துப்பட்டாவால் கட்டி, நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தோம். அதற்கு அப்புறம் 43 நாள் இருந்தார். செய்வதற்கு ஒன்றும் இல்லாத ஒரு மணி நேரத்தைக்கூட அந்த 43 நாளில் நான் பார்க்கவில்லை.

அந்த முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் பெரியம்மா இன்னும் கொஞ்சம் சுகமாக இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுபவற்றை இங்கே எழுதுகிறேன். மருந்தும் அதன் அளவும் உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டியவை. மற்றதெல்லாம் வீட்டில் இருப்பவர்களின் கை வேலை.

1. நிலைமை என்னவென்று நேராகக் கேளுங்கள்

ஸ்ட்ரோக் வந்த எல்லோருக்கும் அது கடைசிக் காலம் அல்ல. பிசியோதெரபி செய்து எழுந்து நடப்பவர்கள் ஏராளம். அவர்களுக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது. அடுத்தடுத்து ஸ்ட்ரோக் வருவது, நாளின் பெரும்பகுதி கண் திறக்காமல் கிடப்பது, விழுங்கவே முடியாமல் போவது, நெஞ்சில் சளி கட்டித் திரும்பத் திரும்ப நிமோனியா வருவது, சாப்பாடு உள்ளே போயும் உடம்பு கரைவது, இவையெல்லாம் ஒன்று சேரும்போதுதான் "முன்னேற்றம் வருமா?" என்ற கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்.

மருத்துவரிடம் நான் கேட்டது: "நாட்களா, வாரங்களா, மாதங்களா?" துல்லியமாக யாராலும் சொல்ல முடியாது, ஆனால் இந்த மூன்றில் எது என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். அடுத்து, "மூச்சுத் திணறல் வந்தால் வீட்டிலேயே சமாளிக்க மருந்து எழுதித் தருவீர்களா?" அப்புறம், "இப்போது கொடுக்கும் 11 மாத்திரைகளில் எதையெல்லாம் நிறுத்தலாம்?" இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கொலஸ்ட்ரால் மாத்திரை இனிமேல் எதற்கு? விழுங்க முடியாதவருக்கு ஒரு மாத்திரை குறைந்தாலும் பெரிய நிம்மதி. வலிப்பு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

2. வீட்டில் எல்லோரையும் ஒரே முடிவுக்குக் கொண்டு வாருங்கள்

இதைத் தள்ளிப்போட்டால் ராத்திரி இரண்டு மணிக்குத் தள்ளுமுள்ளு நடக்கும். பக்கத்தில் இருந்து பார்ப்பவர் "தூக்கிட்டு ஓட வேண்டாம்" என்பார். வெளிநாட்டில் இருப்பவர் "ஐசியூவில் சேருங்க, பணம் நான் அனுப்பறேன்" என்பார். இரண்டும் பாசம்தான். ஆகவே வீடியோ காலில் எல்லோரையும் கூட்டி, மருத்துவர் சொன்னதை அப்படியே சொல்லி, மூன்று விஷயங்களை முடிவு செய்யுங்கள்: மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ப்பதா, வென்டிலேட்டர் வைப்பதா, இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி முயற்சி செய்வதா. முடிவானதை மருத்துவரிடம் சொல்லிக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு நகல் தலைமாட்டிலேயே இருக்கட்டும். மருத்துவரிடம் பேசுபவர் இனிமேல் ஒரே ஒருவர்.

பெரியவருக்கு நினைவு தெளிவாக இருந்தால் முதலில் அவரைத்தான் கேட்க வேண்டும். கண்ணியத்தோடு இறக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று அங்கீகரித்தது. செயற்கையாக உயிரை நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்று முதலில் இருந்த நிபந்தனையை 2023 ஜனவரியில் நீக்கிவிட்டார்கள். இப்போது இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்றொப்பம் வாங்கினால் போதும். பெரியம்மா அப்படி எதுவும் எழுதி வைக்கவில்லை. முதல் ஸ்ட்ரோக்குக்குப் பிறகு, "இன்னொரு தடவை வந்தா என்னை ஊசியும் டியூபுமா கிடக்க விடாதே" என்று அடுப்படியில் நின்றபடி சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் முடிவெடுத்தோம்.

3. வீட்டுக்கு வரும் உதவியைத் தேடுங்கள்

தேட வேண்டிய பெயர் பாலியேட்டிவ் கேர். தமிழில் நோய்த் தணிப்புச் சிகிச்சை என்கிறார்கள். கேன்சருக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள், ஸ்ட்ரோக்குக்கும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து செய்யும் தணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் சேர்ந்திருக்கின்றன. உங்கள் வார்டில் உள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டிஸ்சார்ஜ் சம்மரியோடு நேரில் போய்ப் பெயரைப் பதிவு செய்யுங்கள். கிண்டியில் 2024இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. டீன் பவுண்டேஷன் போன்ற தொண்டு அமைப்புகளும் சென்னையில் இந்த வேலையைச் செய்கின்றன. உங்கள் பகுதிக்கு வருவார்களா, ஸ்ட்ரோக் நோயாளியைப் பார்ப்பார்களா என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரியில் கூப்பிட ஒரு நம்பர் கிடைத்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

4. கட்டில், அறை, ராத்திரி முறை

தலைப்பக்கம் தூக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலும் ஏர் பெட்டும் வாடகைக்கே கிடைக்கும், விலைக்கு வாங்காதீர்கள். கட்டிலைச் சுவரை ஒட்டிப் போடாமல் இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடம் விடுங்கள். ஏர் பெட் மேல் ஒரே ஒரு விரிப்பு போதும். மெத்தை, கம்பளி என்று அடுக்கினால் அதன் பலன் போய்விடும். கரண்ட் போனால் அதன் காற்று மெல்ல இறங்கும், ஆகவே அந்த பிளக் பாயிண்ட் இன்வெர்ட்டரில் இருக்கட்டும்.

ராத்திரிக்கு இரண்டு பேர் முறை வைத்துக்கொள்ளுங்கள். ஹோம் நர்ஸ் வைத்தாலும் வாரத்தில் இரண்டு ராத்திரியாவது நீங்கள் முழுசாகத் தூங்க வேண்டும். ஐந்தாம் நாள் நான் தூக்கக் கலக்கத்தில் ஒரே மாத்திரையை இரண்டு தடவை பொடித்துவிட்டேன். நல்லவேளை, கொடுக்கவில்லை.

5. திருப்பிப் போடுவது

படுக்கைப் புண் வராமல் தடுப்பது சுலபம், வந்தால் ஆற்றுவது மிகவும் கஷ்டம். அதுவும் இந்த நிலையில் ஆறவே ஆறாமல் போகலாம். வீட்டில் நீங்கள் செய்யும் வேலைகளில் முதலிடம் இதற்குத்தான்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை: இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம். பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்துத் தோளிலிருந்து தொடை வரை அடியில் போட்டு வையுங்கள். திருப்பும்போது இருவர் இரண்டு பக்கமும் அந்தத் துணியைப் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். உடம்பைப் பிடித்து இழுத்தால் தோல் உராய்ந்து உரியும். விழுந்துபோன கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்காதீர்கள். அந்தத் தோள் மூட்டைப் பிடித்து நிறுத்தத் தசையில் பலம் இல்லை, எளிதில் இறங்கிவிடும். அந்த வலி பயங்கரமானது. முழுக்க ஒருக்களிக்க வேண்டாம். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை செருகி, முப்பது டிகிரி சாய்வு கிடைத்தால் போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று. குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் வால் எலும்பு, இடுப்பு, குதிகால், காது மடல் எல்லாவற்றையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்கவில்லையென்றால் புண் உள்ளே தொடங்கிவிட்டது. நம் நிறத்துக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, தொட்டுப் பார்க்க வேண்டும். சுற்றி உள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அதுவும் அறிகுறிதான். அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் டியூப் வைப்பது பழைய வழக்கம், அது ரத்த ஓட்டத்தைத் தடுக்கும், வேண்டாம். பவுடரை அள்ளிக் கொட்டினால் வேர்வையில் களிம்பாகிவிடும். ஈரமில்லாமல் துடைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும்.

கடைசி இரண்டு மூன்று நாட்களில் இந்த இரண்டு மணி நேரக் கணக்கைத் தளர்த்தலாம். திருப்பும்போது முகம் சுளித்தால் மெல்ல ஒரு தலையணையை மட்டும் மாற்றி வையுங்கள்.

6. வாயும் சாப்பாடும்

நம் வீடுகளில் இதுதான் பெரிய சண்டை. சாப்பிட வைப்பதுதான் அன்பு என்று வளர்ந்தவர்கள் நாம்.

ஸ்ட்ரோக்கில் விழுங்கும் தசைகளும் பழுதாகின்றன. உணவு மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா. எல்லாவற்றிலும் ஆபத்தானது வெறும் தண்ணீர், அது வேகமாக ஓடிவிடும். கூழ் பதத்தில் இருப்பதை நாக்கு கட்டுப்படுத்த முடியும். விழிப்பாக இருக்கும்போது மட்டும், நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைச் சற்றே கீழே தாழ்த்தி, பழுதில்லாத பக்கத்துக் கன்னத்தில் அரை டீஸ்பூன் வையுங்கள். விழுங்கியது தொண்டையில் தெரிந்த பிறகே அடுத்தது. இருமினாலோ குரல் கரகரத்தாலோ நிறுத்திவிடுங்கள். பழுதான பக்கத்துக் கன்னத்துக்குள் பழைய சாதம் ஒளிந்திருக்கும், விரலில் ஈரத்துணி சுற்றித் துழாவி எடுங்கள். சாப்பிட்டபின் அரைமணி நேரமாவது சாய்ந்தே இருக்க வேண்டும்.

இனி, டியூப். மூக்கு வழியாகப் போடும் ரைல்ஸ் டியூப் ஸ்ட்ரோக்கின் ஆரம்ப வாரங்களில் பலருக்குத் தேவையானதுதான். கடைசிக் கட்டத்தில் அதைப் பற்றி மறுபடியும் யோசிக்க வேண்டும். எச்சிலும், மேலே எதுக்களித்து வருவதும் நுரையீரலுக்குப் போவதை டியூப் தடுக்காது. பெரியம்மா ஆஸ்பத்திரியில் அதை இரண்டு முறை பிடுங்கிப் போட்டார். மூன்றாவது முறை இடது கையைக் கட்டில் கம்பியில் பேண்டேஜ் துணியால் கட்டிவிட்டார்கள். உடம்பில் அவர் சொன்னதைக் கேட்ட ஒரே உறுப்பு அந்தக் கை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தக் கட்டை அவிழ்த்தேன். மணிக்கட்டில் நெசவு அச்சு பதிந்திருந்தது.

டியூப் இருக்கும்வரை: ஒவ்வொரு முறையும் அது இடம் மாறவில்லை என்று நர்ஸ் காட்டிக் கொடுத்தபடி பார்த்துவிட்டு, வடிகட்டிய கஞ்சியை ஒரு வேளைக்கு 200 மில்லி அளவில் மெதுவாக விட வேண்டும். முன்னும் பின்னும் தண்ணீர் விட்டு டியூபைக் கழுவ வேண்டும். அடைப்புக்கு முக்கியக் காரணம் சரியாகப் பொடிக்காத மாத்திரை. மூன்றாவது வாரம் தணிப்புச் சிகிச்சை மருத்துவர் வந்து பார்த்துப் பேசிய பிறகு எடுத்துவிட்டோம். அப்புறம் ருசிக்காக மட்டும் கொடுத்தோம். இரண்டு ஸ்பூன் கேழ்வரகுக் கூழ், பழுத்த மாம்பழத்தை மசித்து விரல் நுனியில் கொஞ்சம். மாம்பழத்துக்கு உதட்டைச் சப்புக்கொட்டினார்.

"பட்டினி போட்டுட்டாங்க" என்று யாராவது சொல்வார்கள். உடம்பு அடங்கும்போது பசியும் தாகமும் தானாகக் குறைகின்றன. சாப்பிடாததால் சாவு வருவதில்லை, சாவு நெருங்குவதால் சாப்பாடு இறங்குவதில்லை. "குளுக்கோஸாவது ஏத்தக் கூடாதா?" என்று மாமா கேட்டார். இந்தக் கட்டத்தில் ஏற்றும் நீரை உடம்பால் கையாள முடியாது. கை கால் வீங்கும், நெஞ்சில் சளி கூடும். தாகமாகத் தெரிவது பெரும்பாலும் வாய் வறட்சிதான். அதற்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஈரப் பஞ்சால் உதடு, நாக்கு, ஈறு எல்லாம் ஒற்றி, உதட்டில் நெய் தடவுங்கள். பல்செட் இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள்.

7. சிறுநீர், மலம்

கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. டயப்பரை நனைந்தவுடன் மாற்றுங்கள், பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள். திடீரென்று அமைதியில்லாமல் புரண்டால் முதலில் இரண்டைப் பாருங்கள்: கதீட்டர் அடைத்து அடிவயிறு உப்பியிருக்கிறதா, மூன்று நாளாக மலம் போகவில்லையா. பல நேரம் அதுதான் காரணம், தூக்க மாத்திரை தேவைப்படாது.

8. பேச முடியாதவரின் வலி

பெரியம்மா கார்ப்பரேஷன் பள்ளியில் தையல் டீச்சராக இருந்தவர். வீட்டுக்கு வந்த முதல் வாரம், இடது கையால் போர்வை ஓரத்தைப் பிடித்து மடித்து மடித்துக் கொசுவம் வைத்துக்கொண்டே இருந்தார். "பழக்கதோஷம் பாரு" என்று எல்லோரும் நெகிழ்ந்துபோனோம். வந்த நர்ஸ் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "வலப்பக்கம் படுக்க வைக்கும்போதுதான் இது அதிகமாகுது, தோள் வலிக்குதும்மா" என்றார். தோளுக்கு அடியில் சின்னத் தலையணையும், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாரசிட்டமாலும் தொடங்கினோம். மறுநாள் அந்த விரல்கள் போர்வைமேல் சும்மா கிடந்தன. ஒரு வாரமாக வலியைத்தான் நாங்கள் ரசித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

எனவே கவனியுங்கள். புருவம் நெரிப்பது, பல்லைக் கடிப்பது, முனகல், தொடும்போது உடம்பு விறைப்பது, மூச்சு வேகமாவது, எல்லாமே பேச்சுதான். எந்த நேரத்தில், எந்தப் பக்கம் படுத்திருக்கும்போது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மருத்துவருக்கு ஸ்கேனைவிட அது உதவும். வலி வந்த பிறகு மருந்து என்றில்லாமல் நேரத்துக்குக் கொடுங்கள்.

மார்ஃபின் என்றதும் பதற வேண்டாம். சரியான அளவில் அது வலியையும் மூச்சுத் திணறலையும் தணிக்கும், உயிரை எடுக்காது. நோயாளிகளுக்கு அது கிடைப்பதை எளிதாக்கத்தான் 2014இல் போதைப்பொருள் சட்டத்தையே திருத்தினார்கள். அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் மருத்துவர் சீட்டோடு கிடைக்கும். மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதற்கான மருந்தையும் கூடவே வாங்குங்கள்.

பேச்சு போனாலும் புரிதல் மிச்சம் இருக்கும். தலைமாட்டில் நின்று அவரைப் பற்றியே மூன்றாம் மனிதரைப் போலப் பேசாதீர்கள். "ஆமான்னா கையை அழுத்துங்க பெரியம்மா" என்று கேட்டால் பதில் வந்தது. செய்யப்போவதைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்: "இப்ப திருப்பப் போறேன்", "வாயைத் துடைக்கறேன்".

9. வலிப்பு வந்தால்

ஒருக்களித்துப் படுக்க வைத்து, நேரத்தைப் பாருங்கள். கையில் இரும்புச் சாவியோ வாயில் ஸ்பூனோ வேண்டாம். மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரேயை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்தால், ஐந்து நிமிடத்தில் நிற்காதபோது கைகொடுக்கும்.

10. கடைசி நாட்கள்

தூக்கம் நீளும். சிறுநீர் குறைந்து கருத்துப் போகும். கை கால் சில்லிட்டு, முழங்காலில் நீலத் திட்டுகள் தெரியும். மூச்சு வேகமாகி, மெதுவாகி, அரை நிமிடம்கூட நின்று, மறுபடி தொடங்கும். தொண்டையில் களகளவென்று சத்தம் வரும். பக்கத்தில் இருப்பவர்களைத்தான் அந்தச் சத்தம் அதிகம் உலுக்கும். மயக்கத்தில் இருப்பவருக்குப் பொதுவாக அது வேதனை தருவதில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையைச் சற்று உயர்த்துங்கள். சளியைக் குறைக்க மருந்து உண்டு. சளியை உறிஞ்சி எடுக்கத் தொண்டைக்குள் ஆழமாக சக்‌ஷன் போட வேண்டாம்.

இந்த நேரத்தில்தான் விரல் தானாக 108க்குப் போகும். அவர்கள் வந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவார்கள், அது அவர்கள் கடமை. வீட்டில்தான் என்று நீங்கள் முடிவு செய்திருந்தால் முதலில் தணிப்புச் சிகிச்சை நம்பருக்குப் போடுங்கள். வீட்டில் சமாளிக்க முடியாத வேதனை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போவதில் தப்பே இல்லை, வாக்குத் தவறியதாக நினைக்க வேண்டாம்.

பால் ஊற்றுவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சொந்தபந்தம் வரிசையாக வந்து ஆளுக்கொரு ஸ்பூன் பாலோ துளசித் தீர்த்தமோ வாயில் விடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. விழுங்க முடியாதவருக்கு அது புரையேறி, கடைசி மணி நேரங்களை மூச்சுத் திணறலாக்கிவிடும். வேண்டாம் என்று தடுத்தால் மனம் புண்படும். நாங்கள் செய்தது: ஒரு கிண்ணத்தில் பால், பக்கத்தில் பஞ்சு. ஒவ்வொருவரும் பஞ்சைத் தோய்த்துப் பிழிந்து உதட்டில் ஒற்றினார்கள். திருவள்ளூரிலிருந்து வந்த 85 வயது சித்தப்பா, "இப்படியே செய்யலாம், தொண்டை நனைஞ்சா என்ன, உதடு நனைஞ்சா என்ன" என்று முதல் ஆளாகச் செய்து காட்டினார்.

11. உயிர் பிரிந்த பிறகு

அவசரம் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள்.

கண் தானம் செய்வதென்றால் மட்டும் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். வயது, கண்ணாடி, காட்டராக்ட் ஆபரேஷன் எதுவும் தடையில்லை. கண் வங்கிக்குச் சொல்லிவிட்டு, இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்து, ஃபேனை நிறுத்தி, தலையை உயர்த்தி வையுங்கள். அவர்களே வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்வார்கள். 1819இல் தொடங்கிய, இப்போது எழும்பூரில் இருக்கும் அரசு கண் மருத்துவமனையிலும் கண் வங்கி உண்டு.

வீட்டில் இறந்தால், பார்த்து வந்த மருத்துவர் மரணத்தை உறுதி செய்து காரணத்தை எழுதிச் சான்று தர வேண்டும். இது இல்லாமல் மயானத்தில் சிக்கல் வரும். "ராத்திரியானாலும் வந்து எழுதித் தருவீர்களா?" என்று அவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பெரியவரின் ஆதார் நகலோடு அந்தச் சான்றைச் சேர்த்து வையுங்கள், ஃப்ரீசர் பாக்ஸ் சொல்லிவிடுங்கள். மரணத்தை 21 நாளுக்குள் மாநகராட்சியில் பதிவு செய்ய வேண்டும். பெயர் எழுத்துக்கூட்டல் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள், பின்னால் திருத்த அலைய வேண்டியிருக்கும். பென்ஷன் வாங்கியவர் என்றால் கருவூலத்துக்கும் வங்கிக்கும் எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் கூடுதலாக வந்த தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

மிச்சமிருக்கும் மார்ஃபின் மாத்திரைகளை எண்ணி, வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிரிக்காத டயப்பர், பேண்டேஜ், சிரிஞ்சு எல்லாவற்றையும் வீட்டுக்கு வந்த நர்ஸிடம் கொடுத்தால் அடுத்த வீட்டுக்குப் போகும். எங்கள் ஏர் பெட்டைப் பத்தாம் நாள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். தூக்கிப் போடும் துணியாக வைத்திருந்த பச்சைப் பருத்திப் புடவையை மட்டும் துவைத்து நானே வைத்துக்கொண்டேன்.